டிரெஸ்ஸர் வீட்டு மோரிஸ் மைனர்

மலாக்கா பக்கம் தஞ்சோங் கிளிங் கடலோரச் சாலையில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த புவனேந்திரன், அறுபத்திரண்டாவது வயதில் அதை மூடிவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோக முடிவுசெய்தார். மனைவி இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மகள் நளினி பெர்த் நகர ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தாள். வருகிறேன் என்று அவர் போனில் சொன்னதும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"கார என்னப்பா செய்யப்போறீங்க?"

"கூடவே கொண்டு வர்றேன்."

"தெரியும்லா. கிஷன் இப்பவே கராஜ காலி பண்ண ஆரம்பிச்சிட்டாரு."

கிஷன் அவள் கணவன். மாமனாரைவிடக் காரின்மேல் அவனுக்கு ஆசை அதிகம் என்று நளினி கேலி செய்வாள்.

அது 1962-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர். வெளியே இளம்பச்சை, உள்ளே சிவப்பு இருக்கைகள். அந்த வட்டாரத்தில் கல்யாணம் என்றால் மணப்பெண்ணை மண்டபத்துக்கு அழைத்துப்போக அதைத்தான் கேட்டு வருவார்கள். புவனேந்திரன் வாடகை வாங்கமாட்டார். அலங்காரத்தையும் தானே செய்வார். எண் பலகை தெரியாதபடி அதன்மேல் பூச்சரத்தைத் தொங்கவிடுவார். இந்தக் கார் எங்கே கிடைத்தது என்று யாராவது கேட்டால், "இரும்புக்குப் போட இருந்தாங்க, நான்தான் காப்பாத்துனேன்" என்பார். இருபது வருடங்களாகச் சொல்லிச் சொல்லி அது தயக்கமில்லாமல் வந்தது.

காரைக் கப்பலில் அனுப்பும் வேலையை மலாக்கா டவுனில் இருந்த ஹனீஃப் என்ற ஏஜெண்ட் எடுத்துக்கொண்டார். பழைய பிரேக்கிலும் கேஸ்கட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் அங்கே இறக்க விடமாட்டார்கள் என்று அவர் சொல்ல, புவனேந்திரன் மூன்று மாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றினார். ஹனீஃப் வந்து பார்த்துத் திருப்தியானார்.

"வேல சுத்தமா இருக்கு அண்ணே. கெரான் கொடுங்க, ஜே.பி.ஜே ஆபீஸ்ல பதிவ ரத்து பண்ணணும்."

பிளாஸ்டிக் உறையிலிருந்த பதிவு அட்டையைப் புவனேந்திரன் நீட்டினார். ஹனீஃப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நல்லமுத்துன்னு இருக்கே. யாரு?"

"முன்ன வச்சிருந்தவரு. எறந்துட்டாரு."

"இத்தன வருசமா பேர் மாத்தவே இல்லையா?"

"ரோட் டேக்ஸ் அந்தப் பேர்லயே எடுத்துட்டு இருந்தேன்."

ஹனீஃப் தலையைச் சொறிந்தார். "அவரு குடும்பத்துல யாராச்சும் இருக்காங்களா? சம்சாரம் கையெழுத்துப் போட்டா மத்தத நான் பாத்துக்குவேன். ஒரு கையெழுத்துதானேலா."

ஹனீஃப் கொடுத்த படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த புவனேந்திரனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இருபது வருடங்களுக்கு முன் அவருடைய ஒர்க்‌ஷாப் புலாவ் செபாங்கில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. பக்கத்து ரப்பர் தோட்டத்து மருந்தகத்தில் டிரெஸ்ஸராக வேலை பார்த்தவர் நல்லமுத்து. காய்ச்சலோ வெட்டுக்காயமோ, தோட்டத்து ஜனங்களுக்கு முதலில் அவர்தான். வலி எடுத்த பெண்களை அந்த மோரிஸில் படுக்கவைத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். மாதம் ஒருமுறை காரைப் புவனேந்திரனிடம் விடுவார். வேறு யாரும் பானெட்டைத் திறக்கக்கூடாது.

ஓய்வுபெற்ற பிறகும் தோட்டத்து வீட்டிலேயே இருந்தவரைப் பக்கவாதம் சாய்த்தது. அதே சமயத்தில் நிர்வாகம் வீட்டைக் காலி செய்யச் சொன்னது. அவர் மனைவி ஜெயா, புக்கிட் காத்திலில் ஒரு வீடு பார்த்துவிட்டு, புவனேந்திரனுக்கு ஆள் அனுப்பினார். கார் கிளம்பவில்லை, பார்த்துச் சொல்லவேண்டும்.

பார்த்தார். பேட்டரி இறங்கியிருந்தது, கார்புரேட்டர் அடைத்திருந்தது. பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தக் காரின்மேல் அவருக்குப் பல வருட ஆசை. பானெட்டை மூடிக்கொண்டே சொன்னார்.

"எஞ்சின் போச்சுக்கா. இனிமே இரும்புக்குத்தான்."

ஜெயா காரையும் வீட்டையும் பார்த்தார். சாமான்கள் பாதி கட்டியும் கட்டாமலும் கிடந்தன. "அப்ப நீயே எடுத்துட்டுப் போயிரு தம்பி. எனக்கு யாரையும் தேடி அலைய முடியாது" என்றார். கெரானைக் கொடுத்தார். இழுத்துப் போகும் சிரமத்துக்கென்று ஒரு வாழைத்தாரையும் வெட்டி ஏற்றிவிட்டார்.

அன்று சாயங்காலமே கார் கிளம்பியது.

அடுத்த வருடம் புவனேந்திரன் ஒர்க்‌ஷாப்பைத் தஞ்சோங் கிளிங்குக்கு மாற்றினார். சாம்பல் நிறக் காருக்குப் பச்சை அடித்தார். நல்லமுத்து இறந்த செய்தி வந்தபோது, வேலை அதிகம் என்று சொல்லிக் கேதத்துக்குப் போகவில்லை. புக்கிட் காத்தில் பக்கம் அந்தக் காரை அவர் ஒருநாளும் ஓட்டியதில்லை. பெயர் மாற்றாததற்கும் அதுதான் காரணம். மாற்ற வேண்டுமென்றால் அந்த வீட்டுக் கதவைத் தட்டவேண்டும்.

இப்போது தட்டித்தான் ஆகவேண்டும். கப்பலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினார். 'எஞ்சினுக்குப் பிற்பாடு பழைய சாமான் கிடைத்தது, பாடுபட்டுச் சரிசெய்தேன்' என்று சொல்லிவிடலாம் என வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார்.

ஜெயாவுக்கு எழுபத்திரண்டு வயது. கேட் கம்பிக்கு அப்பாலிருந்து உற்றுப் பார்த்து, அடையாளம் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"புவனாவா? ஐயோ, தலையெல்லாம் நரைச்சுப்போச்சே! உள்ள வா தம்பி."

தேநீர் வந்தது. நளினியைப் பற்றிக் கேட்டார். தன் மகன் திலீபன் தொழிற்சாலையில் டெக்னீஷியன் என்றும், ஆறு மணிக்கு வந்துவிடுவான், இருந்து பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்றும் சொன்னார். புவனேந்திரன் படிவத்தை எடுக்கக் கையைக் கொண்டுபோன நேரத்தில் ஜெயாவாகவே காரைப் பற்றிய பேச்சைத் தொடங்கினார்.

"ஒன்ன நெனைக்காத நாள் இல்ல தம்பி. அவரு படுத்த படுக்கையா எட்டு மாசம் கெடந்தாருல்ல, வாய் கொழறும். ஆனா தெனமும் காலையில 'கார் வந்துருச்சா'ன்னு மட்டும் தெளிவாக் கேப்பாரு. இரும்புக்குப் போட்டாச்சுன்னு எப்பிடிச் சொல்றது? புவனா ஒர்க்‌ஷாப்ல இருக்கு, சாமான் வரணுமாம்னு சொல்லுவேன். ஒன் பேரச் சொன்னா அமைதியாயிருவாரு."

புவனேந்திரன் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"சாகப்போற மனுசன்கிட்ட எட்டு மாசம் பொய் சொன்னேன். கோயிலுக்குப் போனா இன்னமும் அதுதான் முன்னால வந்து நிக்குது."

புவனேந்திரன் படிவத்தை வெளியே எடுக்கவில்லை. வேறு வேலை இருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டு எழுந்தார். ஜெயா கேட் வரை வந்து, அடுத்த தடவை சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றார். வேனில் ஏறி தாமான் குடியிருப்பைத் தாண்டியதும் சாலையோரம் நிறுத்தினார். அந்த எட்டு மாதமும் கார் ஓடும் நிலையில்தான் இருந்தது. மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அதைப் போர்ட் டிக்சன் வரை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். முக்கால் மணி நேரத் தூரத்தில் ஒரு மனிதர் கேட்டுக்கொண்டே கிடந்தார்.

படிவத்தை ஹனீஃபிடம் கொடுத்து ஜெயாவிடம் கையெழுத்து வாங்கிவரச் சொன்னால் முடிந்துவிடும் என்ற எண்ணமும் வந்தது. இரண்டு நாள் அந்த எண்ணத்தோடேயே இருந்தார் என்பதை அவர் பிற்பாடு மகளிடம் ஒளிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மோரிஸை எடுத்தார். அந்த வீட்டு வாசலில் நிறுத்தியபோது திலீபன் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தான். நாற்பது வயதுக்காரன். முதலில் காரைப் பார்த்தான், பிறகு எண் பலகையைப் பார்த்தான். துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு, "ம்மா!" என்று கூப்பிட்டான்.

புவனேந்திரன் உள்ளே போகவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றே சொன்னார். எஞ்சின் போகவில்லை என்பதையும், பொய் சொன்னதையும், அன்று சாயங்காலமே கார் ஓடியதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். இப்போது எதற்கு வந்தார் என்பதையும் சொன்னார்.

"கையெழுத்துக்காகத்தான் வந்தீங்க" என்றான் திலீபன். "அது வேணாம்னா இன்னைக்கும் வந்திருக்க மாட்டீங்க."

"ஆமாப்பா. வந்திருக்க மாட்டேன்."

"எங்கப்பா ஒங்கள எவ்வளவு நம்புனாரு தெரியுமா? நாங்க எல்லாரும் நம்புனோம்லா!"

பக்கத்து வீட்டுச் சீனத்தி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். புவனேந்திரன் தலையைக் குனிந்துகொண்டார். ஜெயா மெல்ல நடந்து காரிடம் போனார். கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப நான் அவருகிட்ட சொன்னது பொய்யில்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. "ஒர்க்‌ஷாப்லதான் இருந்திருக்கு."

"அக்கா..."

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் கொண்டாந்து காட்டியிருக்கலாமே தம்பி. ஓட்டவா போறாரு? ஜன்னல் வழியாப் பாத்திருப்பாரு."

புவனேந்திரனுக்கு அழுகைகூட வரவில்லை. திட்டினால், அடித்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஜெயா அவர் பக்கம் திரும்பினார்.

"கையெழுத்துப் போட மாட்டேன். சாவிய வச்சிட்டுப் போ."

புவனேந்திரன் சாவியைக் கேட் தூணின்மேல் வைத்தார். திலீபன் அதை எடுத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமலே, "காலையில கெளம்ப என்ன செய்யணும்?" என்று கேட்டான். சோக்கை எவ்வளவு இழுக்கவேண்டும், எப்போது உள்ளே தள்ளவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். பிறகு கிராப் வாடகைக் காரை வரவழைத்து வீட்டுக்குப் போனார். மறுநாள் உதிரி சாமான் பெட்டிகளைக் கொண்டுபோனபோது திலீபன் கேட்டிலேயே வாங்கிக்கொண்டான். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

ஹனீஃபிடமும் கல்யாணத்துக்குக் கார் கேட்டவர்களிடமும், போனில் மகளிடமும், "பேப்பர் சரியில்ல, அனுப்ப முடியல" என்றார். எல்லாரும் அவருக்காக வருத்தப்பட்டார்கள். அந்த அனுதாபம் அவரைக் கூசவைத்தது. ஊரார் வைத்த வழியனுப்பு விருந்துக்கு உடம்பு சரியில்லை என்று போகாமல் இருந்துவிட்டார்.

பெர்த்தில் கிஷன் காருக்காக முன்பே கராஜுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தான். அதைப் பார்த்த பிறகு அவரால் பொய்யைத் தொடர முடியவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் மகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். நளினி கடைசிவரை கேட்டாள்.

"என் கல்யாணத்துக்கு நான் அந்தக் கார்லதானே போனேன்" என்றாள். "அந்தம்மாவுக்கு ஒரு பத்திரிக்ககூட நாம வைக்கலையேப்பா."

நான்கு நாட்கள் அவரிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். ஐந்தாம் நாள் தீபாவளி. "அந்தம்மாவ நீங்களே கூப்பிடுங்க" என்று போனை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜெயாதான் எடுத்தார். அங்கே குளிரா என்று கேட்டார். வெள்ளிக்கிழமைகளில் திலீபன் தன்னைக் கோயிலுக்கு அந்தக் காரில் அழைத்துப்போவதாகச் சொன்னார். போன வாரத்திலிருந்து ஹார்ன் அடிக்கவில்லையாம். அவன் கையை வெளியே நீட்டிக் கத்துகிறானாம். எந்த ஒயரைப் பார்க்கவேண்டும் என்று புவனேந்திரன் விளக்க ஆரம்பித்தார்.

"எங்கிட்ட சொன்னா மறந்துரும். அவனுக்கு எழுதி அனுப்பு" என்று சொல்லிவிட்டு ஜெயா போனை வைத்துவிட்டார்.

இரண்டு வரியில் சொல்லக்கூடிய விஷயத்தைப் புவனேந்திரன் போனில் ஒரு பக்கத்துக்கு எழுதினார். கடைசியில், அக்காவும் நீயும் என்னை மன்னிக்கவேண்டும் என்று எழுதினார். அழித்தார். மறுபடியும் எழுதி அனுப்பிவிட்டார்.

மறுநாள் திலீபனிடமிருந்து பதில் வந்தது.

"ஹார்ன் அடிக்குது."

அவ்வளவுதான். மற்றதற்கு அவன் எதுவும் எழுதவில்லை. புவனேந்திரனும் திரும்பக் கேட்கவில்லை.