மணி அடிக்கும்வரை

பஸ் டிப்போவில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘அவசரம்’ என்றால்தான் தெரியும். “அவசரம் வந்தாச்சா?” என்று ஒரு கண்டக்டர் கேட்டால், “வந்தாச்சு, கிளம்பியும் ஆச்சு!” என்பார் இன்னொருவர். டீயை ஆறவிட்டுக் குடித்ததாகச் சரித்திரமே கிடையாது. வேடிக்கை என்னவென்றால், ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அவனைப்போல் நிதானமான டிரைவர் அந்த டிப்போவிலேயே இல்லை. ரோட்டில் அடக்கி வைத்த அவசரத்தையெல்லாம் மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து அவிழ்ப்பான். வீட்டில் இருப்பவர்கள் என்ன பாவம் செய்தார்களோ!

வீட்டில் அவனும் மனைவியும் அக்காவும்தான். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பிக்கு வேலை கிடைக்கட்டும், தம்பிக்கு ஒரு வீடு அமையட்டும் என்று தள்ளித் தள்ளிப் போட்டதில் அது அப்படியே நின்றுபோனது. ஒரு தையல் கடையில் காஜா எடுத்துப் பட்டன் வைப்பது அவள் வேலை. ஒரு சட்டைக்குப் பட்டன் வைத்தால், துணி கிழிந்தாலும் பட்டன் கழலாது. அவ்வளவு பொறுமை அந்தக் கைக்கு.

அந்தக் கையைத்தான் அவன் ஒருநாள் எல்லார் முன்னாலும் பழித்துவிட்டான்.

நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வாஷிங் மெஷினில் துணியைப் போட்டு, துவைக்கிற டைமரைத் திருப்பிவிட்டு, முந்தின ஈடு துணியைக் காயப்போட மாடிக்குப் போனாள். அது இரண்டு தொட்டி வைத்த பழைய மெஷின். குமிழை வலப்பக்கம் திருப்பினால் டிக் டிக்கென்று தானாகத் திரும்பிவந்து, மணி அடித்து நிற்கும். அன்றைக்குக் குமிழ் பாதி வழியில் சிக்கிக்கொண்டது. மெஷின் நிற்கவே இல்லை. மோட்டார் சூடேறி, வயர் பொசுங்குகிற நாற்றம் கூடம்வரைக்கும் வந்தது. கூடத்தில் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தான்.

இவன் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினான். அக்கா மூச்சு வாங்க இறங்கி வந்தாள்.

“என்னக்கா பண்ணித் தொலைச்ச? பின்பக்கமா திருகினியா?”

“இல்லடா, நான் எப்பவும் போல...”

“எப்பவும் போலவா? அப்ப எப்பவுமே இப்படித்தான் திருகிட்டு இருந்திருக்க! பட்டன் வைக்கத்தான் உன் கைக்குத் தெரியும். இனிமே மெஷின் பக்கம் வராதே.”

மச்சான் பெண்டாட்டி செல்போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பியிருந்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இவனுக்கு ஆத்திரமும் உண்டு, அவசரமும் உண்டு. மிச்சம் என்ன இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

அதற்கப்புறம் அக்கா மெஷின் பக்கமே போகவில்லை. பின்கட்டுக் குழாயடியில் வாளி போட்டுத் தன் துணியைத் தானே கசக்கினாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாளா என்றால் அதுவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், சாப்பிட்டாள், தூங்கினாள். ஒருநாள் சாப்பிடும்போது, “எங்க கடையில வேலை செய்றவ ஒருத்தி தனியா இருக்கா. ரூமுக்கு ஆள் தேடுறா. அடுத்த மாசத்துலேருந்து அங்க போய் இருக்கலாம்னு பாக்குறேன்” என்றாள்.

சோற்றில் அவன் கை நின்றது. தன்னை வளர்த்த அக்கா இல்லாத வீட்டை அவன் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

“ஒரு மெஷினுக்காகவா?” என்று மனைவியிடம் குமைந்தான்.

“அண்ணி மனசு நொந்து போயிருக்காங்க. போய் ஒரு வார்த்தை பேசுங்களேன்.”

“பேச என்ன இருக்கு? மெஷினைச் சரி பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்.”

பேசுவதைவிட ஸ்பேனரைப் பிடிப்பது அவனுக்குச் சுலபம். கழற்றிய டைமரை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் கொண்டுபோய், அதே மாதிரி புதிது வாங்கினான். கடைக்காரர் டப்பாவை நீட்டிக்கொண்டே, “பின்பக்கமா திருப்பாதீங்க, உள்ள பல்லு தேஞ்சிடும். மணி அடிக்கிறவரைக்கும் விட்டுடணும்” என்றார். “எங்க வீட்ல ஒரு ஆள் இருக்காங்க, அவங்ககிட்ட சொல்றேன்” என்றான் இவன். சொல்லிவிட்டுச் சிரிக்கவேறு செய்தான்.

மறுநாள் காலையில் ஷிப்டுக்கு முன்னால் வேலையை முடித்தான். பிளக்கைக் கழற்றி, பின்பக்க மூடியைத் திறந்து, முன்பே செல்போனில் எடுத்து வைத்திருந்த படத்தைப் பார்த்து வயர்களை நிறம் மாறாமல் சேர்த்து, டேப் சுற்றி, டைமரை இரண்டு திருகாணிகளில் முடுக்கி, குமிழை அழுத்தினான். சும்மா சொல்லக்கூடாது, கச்சிதமான வேலை. தன் யூனிபார்மையே முதலில் போட்டு ஓடவிட்டான். புது டைமர் டிக் டிக்கென்று ஓடியது. பின்கட்டில் அக்கா துணி கசக்கும் சத்தம் கேட்டது.

மணியைப் பார்த்தான். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. துவைத்தது போதும், அலசிப் போட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று கை தானாகக் குமிழுக்குப் போனது. பிடித்து இடப்பக்கம், பூஜ்யத்துக்கு, ஒரு திருகு.

குமிழ் வரவில்லை. கர்ரென்று ஒரு முனகல். புதுப் பல் விட்டுக்கொடுக்காமல் விரலை எதிர்த்துத் தள்ளியது.

அவன் கை அப்படியே நின்றது. இந்தத் திருகல் கைக்குப் புதிதில்லை. பழைய டைமரில் இப்படி முரண்டு பிடித்ததில்லை, கர்ரென்று கத்திக்கொண்டே வந்துவிடும். ஏன் வந்தது? தினம் தினம் ஷிப்டுக்கு முன்னால் யூனிபார்ம் துவைக்கிற அவசரத்தில் அவன்தான் அதைத் திருகித் திருகித் தேய்த்து வைத்திருந்தான். கண் கூடப் பார்க்காமல் கை செய்துவந்த வேலை. அய்யோ என்றிருந்தது அவனுக்கு. கடையில் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்து காது மடல் சுட்டது.

பின்கட்டுக்குப் போனான். அக்கா சோப்பு நுரையோடு நிமிர்ந்து பார்த்தாள்.

“அக்கா, டைமரைக் கெடுத்தது நான்தான்.”

“தெரியும்டா.”

“தெரியுமா?”

“தினம் காலையில அது கத்துற சத்தம் எனக்குக் கேக்காதா?”

“அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

“சொல்லத்தானே வந்தேன். நீ நின்னியா?”

“தப்புதான்க்கா. எல்லார் முன்னாடியும் உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மச்சான்கிட்டயும் நானே சொல்லிடுறேன். நீ போகாதே.”

அக்கா பிழிந்த துணியை உதறினாள். “உன்மேல கோபம் இருந்தா அன்னைக்கே போயிருப்பேன். மெஷின் கெட்டுச்சு, அது யார் கெடுத்தா என்ன? ‘என்னாச்சுக்கா’ன்னு நீ ஒரு வார்த்தை கேக்கலையேடா. இத்தனை வருஷம் இருந்த வீட்டுல அன்னைக்குத்தான் நான் ஒண்ட வந்தவ மாதிரி நின்னேன். கடையில அவகிட்ட ரூமுக்கு வரேன்னு சொல்லிட்டேன். போறேன்.”

உள்ளே மணி அடித்து மெஷின் நின்றது. அன்றைக்கு அவன் ஷிப்டுக்குத் தாமதமாகப் போனான். டிப்போவில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

அவள் போனாள். பெட்டியை அவனே தூக்கிக்கொண்டுபோய் விட்டு வந்தான். மச்சானுக்குப் போன் போட்டு, தப்பு தன்னுடையது என்று சொன்னான். “அட விடுங்க மாமா, இதெல்லாம் ஒரு விஷயமா?” என்றான் அவன். அவன் விட்டுவிட்டான். இவனால் விட முடியவில்லை. தினம் காலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மணி அடிக்கிறவரைக்கும் மெஷின் முன்னால் நின்றான். “பள்ளிக்கூடத்துல வெளியில நிறுத்தி வச்ச பையன் மாதிரி இருக்கு” என்று மனைவி சிரித்துப் பார்த்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். கையில் ஒரு பை நிறைய அழுக்குத் துணி. “அங்க தண்ணி சரியா வரலடா” என்றாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பையை வாங்கித் துணியைத் தொட்டியில் போட்டு, தண்ணீர் விட்டு, சோப்புத்தூளைக் கொட்டிவிட்டு ஒதுங்கி நின்றான்.

அக்கா குமிழுக்குக் கையைக் கொண்டுபோனாள். தொடுவதற்கு முன்னால் நிறுத்தி, அவன் முகத்தைப் பார்த்தாள்.

“நான் திருப்பலாமாடா?” என்று கேட்டாள்.

அவள் குத்திக்காட்டவில்லை. வந்த இடத்தில் எதையும் கேட்டுவிட்டுத் தொடுகிற விருந்தாளியைப்போல, உண்மையாகவே கேட்டாள்.