மாணிக்கம் தண்டல் காட்டிய பக்கம்

தண்டல் மாணிக்கம் இறந்துவிட்டார் என்று தொங்கான் படகுக்காரர் ஒருவர் வந்து சொன்னபோது, நான் கிட்டங்கியில் சரக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு முதலில் தோன்றியது துக்கமல்ல, நிம்மதி. இனி அந்தப் புத்தகத்தை யாரும் என்னிடம் நீட்ட மாட்டார்கள் என்ற நிம்மதி. துறைமுகத்தில் அவரோடு மூட்டை தூக்கிய உங்களிடம் இதை மறைத்துவைக்க இனி மனமில்லாமல்தான் நம் சங்க இதழில் எழுதுகிறேன்.

அவர் கூலியாட்களுக்குத் தலைவரான தண்டல், நான் கணக்கெழுதும் கிராணி. ஐரோப்பிய யுத்தத்தைப் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை, சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் வீட்டு ஏலத்தில் வாங்கித் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். அட்டை கிழிந்து, படங்களைப் பூச்சி அரித்திருந்தது.

"லேலாங்ல எடுத்தேன், கிராணியாரே. என் தம்பி பட்டாளத்துல கோவேறு கழுதை ஓட்டப் போய்ச் செத்தான்ல, அந்தச் சண்டைதானாம். அவன மாதிரி கழுத ஓட்டினவங்களப் பத்தி என்னா எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்கலா."

சாப்பாட்டு வேளைகளில் ஒரு வாரம் புரட்டினேன். தளபதிகள் இருந்தார்கள். அவர்களுடைய குதிரைகள்கூடப் பெயரோடு இருந்தன. கழுதை ஓட்டியவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. கழுதைகளைப் பற்றி மட்டும் ஒரு பத்தி இருந்தது. அவரோ சோற்றைத் தொடாமல் எதிரே உட்கார்ந்திருந்தார். இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கழுதைகள் என்று இருந்த இடத்திலெல்லாம் ஆட்கள் என்று மாற்றித் தமிழில் சொன்னேன். "இந்த ஆட்கள் இல்லாவிட்டால் ஒரு பீரங்கிகூட மலையேறியிருக்காது. பசியிலும் பனியிலும் இவர்கள் சுமையைக் கீழே போட்டதில்லை." தண்டல் அழுதார். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பக்கத்தில் சிவப்பு நூல் ஒன்றை வைத்துக்கொண்டார். புதிதாக வேலைக்கு வந்தவர்களையெல்லாம் என்னிடம் இழுத்துவந்து வாசிக்கச் சொல்வார். வாசித்தேன்.

ஒருநாள் துரை ஒருவர் நம் ஆட்களைச் சோம்பேறிகள் என்று ஏசினார். தண்டல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "அவங்க புத்தகத்துலயே நம்மாளுங்களப் பத்தி இருக்கு. அவரே படிச்சுப் பாக்கட்டும்!"

எனக்கு உயிரே போய்விட்டது. "வேணாம் தண்டல், வேலை போயிரும்," என்று கையைப் பிடித்து இழுத்தேன். "நம்ம மேல கிராணியாருக்கு எவ்ளோ அக்கற பாருங்க," என்று மற்றவர்களிடம் சொல்லி, என் தோளில் தட்டினார். ஏச்சை வாங்கிக்கொண்டு எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள். நானும்தான்.

பதினாறாம் நாள் கருமாதியில் அவர் மனைவி புத்தகத்தை என் கையில் கொடுத்தார். "நீங்களே வாசிச்சிருங்கண்ணே. அவருக்கு மனசு ஆறும்." அன்றும் ஆட்கள் என்றுதான் வாசித்தேன். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். நீங்கள் கேட்டது கழுதைகளுக்கு எழுதிய புகழ்.

வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் அந்தத் தம்பிக்காக வாசித்தவன், அவன் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை. திரும்பிப்போய் அந்த அம்மாளிடம் கேட்டேன். சொன்னார்.

புத்தகம் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. தண்டலிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். சின்னையா. அச்சில் அது வருவது இதுதான் முதல் தடவை.