பொட்டு வைக்காத முகம்

எங்கள் தொழிலில் சாவுச் செய்தி வாயால் வருவதைவிடப் படமாக வருவதுதான் அதிகம். போன செவ்வாய்க்கிழமை மலையிலிருந்து இறங்கிய பஸ்ஸின் கண்டக்டர், கண்ணமங்கலத்தில் என் ஸ்டுடியோவுக்குள் ஓடிவந்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்தை மேஜைமேல் வைத்தார். "இத பெருசு பண்ணணுமாங்க. ஆபீஸ்காரங்க சொல்லி அனுப்பினாங்க. நெஞ்சு வலிக்குதுன்னு குந்தினாராம், அவ்ளோதான்." ஏகாம்பரம் சாரின் முகம். "இன்னாய்யா ஒளர்ற?" என்று அந்த மனிதர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் என்ன செய்வார், பாவம். எனக்கு முன்கோபம் அதிகம். துக்கம் வந்தாலும் கோபமாகத்தான் வரும்.

ஜமுனாமரத்தூர் வன அலுவலகத்தில் படியேறிய எல்லோருக்கும் அவரைத் தெரியும். "அவசரம்னா குந்திச் சொல்லுங்க, அவசரமில்லன்னா நின்னுக்கினே சொல்லுங்க" என்று நாற்காலியை நகர்த்திப் போடும் குமாஸ்தா. ஐம்பதை நெருங்கியும் அவர் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று, ஊர்க்காரர்களே, டீக்கடையில் ஆளுக்கொரு கதை சொன்னீர்கள். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். இனிமேல் சும்மா இருக்க முடியாது.

ஏழெட்டு வருஷம் முன்பு ஒரு மழை நாளில் அவர் துண்டில் சுற்றிய கண்ணாடிப் படம் ஒன்றோடு வந்தார். குண்டு போடும் விமானம் ஒன்றின் முன்னால் வரிசையாக ஆறு பேர். தோல் தொப்பி காதை மூட, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நான்கு பேர் வெள்ளைக்காரர்கள், இரண்டு பேர் நம்மவர்கள். அந்த இருவரில் ஒருவர் ஏகாம்பரம் சாரின் அண்ணன் கோதண்டன். யுத்தத்தில் சேர்ந்து போனபோது தம்பிக்கு மூன்று வயது. தபாலில் இந்தப் படம் வந்தது. பின்னாலேயே ஒரு தந்தி வந்தது. விமானம் திரும்பவில்லை, தடயமில்லை என்று மட்டும் இருந்ததாம்.

கண்ணாடிமேல், ஐந்து பேர் நெற்றியில் குங்குமம். வருஷக்கணக்கில் வைத்து வைத்துத் தடித்த பொட்டு. இடமிருந்து இரண்டாவது ஆளுக்கு மட்டும் இல்லை.

"அவருதான் எங்கண்ணன்" என்றார். "செத்தவங்க படத்துக்குத்தானே பொட்டு? வெள்ளிக்கெழம தவறாம எங்கம்மா மத்த அஞ்சு பேருக்கும் வெப்பாங்க. கூடப் போனவங்க போய்ட்டாங்க, எம்புள்ள மட்டும் வருவான்னு சொல்லுவாங்க. பெரியவனுக்கு முடிக்காம சின்னவனுக்கு எப்டிடா முடிக்கறதுன்னு என்னெ நிறுத்தி வெச்சிருக்காங்க." பிறகு சிரித்தார். "எங்கண்ணன் கண்ணாடிக்குள்ள நின்னுக்கினு என் கல்யாணத்துக்குக் குறுக்க கைய நீட்டறாருங்க."

அப்போது அவருக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. மலைப் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் அவருக்காகக் காத்திருந்தார். தை மாதம்வரை பார்ப்போம் என்று பெண் வீட்டில் கெடு வைத்துவிட்டார்கள். கூட இருந்தவர்கள் யார் யாரென்று தெரிந்தால் ராணுவ மேலிடத்துக்கு எழுதிக் கேட்டு, அண்ணன் இருக்கிறாரா இல்லையா என்று முடிவு கட்டிவிடலாம் என்பது அவர் எண்ணம். "மொகத்தயெல்லாம் பெருசு பண்ணிக் குடுங்க. பொட்ட மட்டும் அழிச்சிடாதீங்க, அம்மா கண்டுபுடிச்சிடுவாங்க."

படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. உரித்தால் முகம் உரிந்துவிடும். கண்ணாடியோடே காப்பி எடுத்தேன். இருட்டறையில் மருந்துத் தட்டைக் குலுக்கக் குலுக்க ஆறு முகங்களும் மேலே வந்தன. குங்குமச் சிவப்பு கறுப்பாக விழும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் குலுக்குவதை நிறுத்திவிட்டேன். ஐந்து பேர் நெற்றியிலும் கரிய ஓட்டை. ஓட்டையில்லாத அந்த இரண்டாவது ஆள் மட்டும் என்னை நேராகப் பார்த்தான். சத்தியமாகச் சொல்கிறேன், படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றேன்.

மறுநாள் பின்பக்க அட்டையைக் கழற்றினேன். படத்தின் முதுகில் பென்சிலால் ஆறு பெயர்கள். இடமிருந்து இரண்டாவது, கோதண்டன். சரிதான் என்று நினைத்துக்கொண்டு, கிழிசல் பார்க்க பல்புக்கு நேரே பிடித்தேன். முன்பக்கத்து முகங்களும் முதுகுப் பக்கத்து எழுத்துகளும் ஒன்றாகத் தெரிந்தன. ஒவ்வொரு பெயரும் அந்தந்த ஆளின் தலைக்குப் பின்னால் எழுதப்பட்டிருந்தது. கோதண்டன் என்ற பெயர் விழுந்தது ஐந்தாவது ஆளின் தலையில். படத்தைத் திருப்பினால் வலது இடதாகும் என்பதை யோசிக்காமல், ஏகாம்பரம் சாரின் அப்பா, முதுகிலிருந்த பெயர்களை வரிசையாக வாசித்துவிட்டுப் படத்தைத் திருப்பி, இரண்டாவது ஆளைக் காட்டியிருக்கிறார். தொப்பியும் நிழலுமாக உள்ளங்கை அகலப் படம். அந்தம்மா நம்பிவிட்டார்.

பல்புக்கு நேரே பிடித்து ஏகாம்பரம் சாருக்கும் காட்டினேன். "அப்போ எங்கம்மா..." என்று ஆரம்பித்தவர், ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். இரண்டாவது ஆளின் பெயர் பத்ரி என்று இருந்தது.

ஆறு பெயர்களையும் எழுதி அனுப்பினார். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஐந்து பேர் இறந்ததாகக் கணக்கு. ஒருவர் மட்டும் பாராசூட்டில் குதித்துத் தப்பியிருக்கிறார், கோலார் பக்கம் வசிக்கிறார், பெயர் பத்ரி. முப்பத்தைந்து வருஷமாக அந்தத் தாய் பொட்டு வைக்காமல் விட்ட ஆள் உண்மையிலேயே உயிரோடு இருந்தான். பெற்ற பிள்ளைக்கோ, செய்தி வந்த வாரத்திலிருந்தே தன் கையால் பொட்டு வைத்துவந்திருந்தாள்.

"கூட இருந்தவரு வாயால சொன்னாத்தான் அம்மா நம்புவாங்க" என்று பத்ரியை வரவழைத்தார். மூவரும் மலையேறினோம். வழியெல்லாம் மூடுபனி. புளியமரத்தடி வீடு, வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். முறம் அப்படியே நின்றது.

"வந்துட்டியா கோதண்டம்?" என்றார். "இம்மா நாளாச்சா ஒனுக்கு?"

வயதாகியிருந்தாலும் அதே முகம். வெள்ளிக்கிழமைதோறும் பார்த்த முகத்தை அவருக்கு அடையாளம் தெரியாமலா போகும்? பத்ரியின் கன்னத்தைத் தடவி உள்ளே இழுத்துப்போய், படத்தின் கீழ் உட்காரவைத்துச் சோறு போட்டார். "ஏகாம்பரம், பெரியவன் வந்துட்டான். டீச்சரு வூட்டுக்கு ஆள் அனுப்புடா" என்றார். பத்ரி படத்தையே அண்ணாந்து பார்த்தார். "எனுக்கு அம்மா இல்லீங்க. என்னெ யாரும் எதிர்பாக்கலன்னே நெனச்சிக்கினு இருந்தேன்" என்று என் காதில் சொன்னார். சோற்றில் வைத்த கை எழும்பவில்லை.

ஏகாம்பரம் சாரை முற்றத்துக்கு இழுத்து வந்தேன். "சார், கைகூடி வருது. வாய மூடிக்கினு இருங்க. கெழவி சந்தோஷமா சாவட்டும், நீங்களும் கல்யாணம் பண்ணிக்குங்க. யாருக்கு இன்னா நஷ்டம்?" என்று கிட்டத்தட்டத் திட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார். "அப்போ எங்கண்ணனுக்கு யாருங்க அழுவாங்க?"

உள்ளே போய்ச் சொல்லிவிட்டார். படத்தை இறக்கி, பின்னால் விளக்கைப் பிடித்து, பெயரையும் முகத்தையும் காட்டினார். அம்மா படத்தை மடிமேல் வாங்கிக்கொண்டார். முந்தானையால் ஐந்தாவது ஆளின் நெற்றியைத் துடைத்தார். போகவில்லை. நகத்தால் சுரண்டினார். சுரண்டச் சுரண்டக் குங்குமம் உதிர்ந்து கீழே ஒரு பையனின் முகம் வந்தது. "மூக்கு அவங்கப்பன் மூக்குடா" என்றார். "என் கையாலயே வெச்சேனேடா, பாவி!" அப்புறம் அவர் அழுத அழுகையை என்னால் எழுத முடியாது. ஓய்ந்தபின் பத்ரி பக்கம் திரும்பி, "நீ சாப்புடு கண்ணு. நீயும் யாரோ பெத்த புள்ளதானே" என்றார். குங்குமச் சிமிழை எடுத்துவரச் சொல்லி, சுரண்டிய நெற்றியில் தானே புதுப் பொட்டு வைத்தார். பத்ரிக்கு அன்றும் வைக்கவில்லை.

முறைப்படி காரியம் செய்தார்கள். செத்தது என்றைக்கோ, வீட்டில் துக்கம் இன்றைக்கு. ஒரு வருஷம் நல்ல காரியம் கிடையாது. அது முடிவதற்குள் அம்மாவும் போய்விட்டார்; இன்னொரு வருஷம். பெண் வீட்டார் காத்திருக்கவில்லை. டீச்சர் திருப்பத்தூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். அதைச் சொல்லும்போதுகூட ஏகாம்பரம் சார் யாரையும் குறை சொன்னதில்லை. எனக்குத்தான் அவர்மேல் இன்றுவரை கோபம்.

இதுதான் நடந்தது. டீக்கடைக் கதைகளை இத்தோடு விட்டுவிடுங்கள். முற்றத்தில் அவர் என்னிடம் கேட்ட அந்த ஒரு கேள்விதான் அவருடையதாக என்னிடம் இருக்கிறது. அவருக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, அம்மா இல்லை. செவ்வாய்க்கிழமை கண்டக்டர் போனபிறகு ஸ்டுடியோக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஏகாம்பரம் சார், உங்களுக்கு நான் அழுதேன்.