கொட்டிலில் வளர்ந்த குளம்பு

சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். நெடுந்தீவில் ஒரு கோடையில், தண்ணீர் தேடி எங்கள் வளவுக்கு நொண்டிக்கொண்டு வந்த கட்டாக்காலியாகத் திரிந்த பெண்குதிரை ஒன்றை, பாவம் என்று நான்தான் மாட்டுக் கொட்டிலில் கட்டினேன். கால் ஆறிய பிறகும் அவிழ்த்துவிட மனம் வரவில்லை. மாரி போய் அடுத்த கோடையும் வந்தது.

வீட்டுக்கும் மாட்டுக்கும் போதாதென்று இவளுக்கும் தண்ணீர் சுமந்தேன். இடுப்பு விட்டுப்போகும். "கண்டறியாத குதிரை உமக்கு!" என்று என் வீட்டுக்காரர் பேசுவார்.

வெளியே திரியும் குதிரைகளின் குளம்பை எங்கள் ஊர்க் கல் தேய்த்துவிடும். சாணி ஊறிய மெத்தென்ற நிலத்தில் இவளுடையது தேயாமல் நீண்டு, நுனி மேலே வளைந்துவிட்டது. ஒருநாள் அவளால் நிற்கவே முடியவில்லை. இவர் அரத்தை எடுத்து, மாட்டுக்குச் செய்வதுபோல் அவசரமாக ராவினார். ஒரு பக்கம் பதிந்துபோய், காலை ஊன்றியதும் நடுங்கினாள். "இனி என்னால ஏலாதப்பா" என்று அரத்தை எறிந்துவிட்டார்.

பக்கத்து வளவில் வள்ளம் திருத்த வந்த ஓடாவி, தண்ணீர் குடிக்க வந்தவர், குனிந்து, பலகைக்கு மட்டம் பார்ப்பதுபோல் குளம்பை நேரே பார்த்தார்.

"வெளிப்பக்கம் உயரம், தங்கச்சி. காலை இறுக்கிப் பிடியும்."

காலை என் மடியில் தாங்கினேன். கொஞ்சம் ராவுவார், ஊன்றவிட்டுப் பார்ப்பார், திரும்பவும் ராவுவார். உச்சி வெயிலில்தான் நாலு காலும் சமனாயின.

"இனி அவிட்டு விடும். மிச்சத்தைக் கல்லு பாக்கும்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "வெளியில சொட்டுத் தண்ணி இல்லை. செத்துப்போகும் அண்ணை!"

"கட்டி வைச்சாலும் சாகும். இது நடக்கிற சாதி."

அழுதுகொண்டே அவிழ்த்தேன். கல்வெளியில் தட்டுத்தடுமாறிப் போனாள். வாளியோடு பின்னால் ஓடினேன். திரும்பியும் பார்க்கவில்லை.

முதல் மழைக்குப் பிறகு, குட்டைக் கரையில் கூட்டத்தோடு அவளைக் கண்டேன். நெற்றி வெள்ளையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. குளம்புகள் வட்டமாகத் தேய்ந்திருந்தன. தண்ணீர் குடித்துவிட்டு, என்னைக் கண்ட மாதிரியே காட்டாமல் ஓடினாள். அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் சுமக்காமலே அவள் பிழைத்துவிட்டாள் என்பது அன்றைக்கு எனக்கு வலித்தது. வீட்டில் எல்லோருக்கும் ஓடி ஓடிக் களைத்துப்போகிற இந்த நாட்களில் அதை நினைத்தால்தான் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.