எர்த் ஒயரும் மூன்று கோட் பெயிண்டும்

என் அக்கா வீட்டுக்காரரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூணு கோட்டு என்றால்தான் தெரியும். வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பது அவர் தொழில். எதற்கும் மூன்று கோட் அடித்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். வீட்டு கேட், குளியலறை ஸ்டூல், எங்கள் அப்பாவின் கைத்தடி, எல்லாம் பளபளவென்று இருக்கும். கைத்தடி வழுக்குகிறது என்று அப்பா புலம்பியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தங்கமான மனிதர்தான். ஆனால் இரும்பு எங்காவது வெறுமையாகத் தெரிந்தால் அவருக்குக் கை அரிக்கும்.

நான் பக்கத்துத் தெருவில் இருக்கிற கொழுந்தியாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் கத்தும்போது யாரும் பயப்படக் கூடாது.

அக்கா தையல்காரி. பாலத்துக்கு அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு கடை அமைந்தது. கடை சொந்தக்காரர் ஒரு மாதிரியான ஆள். வாடகைக்கு எடுத்துவிட்டுப் பூட்டியே வைக்கிறவர்களைப் பார்த்துச் சலித்துப்போனவர். "சாமான கொண்டு வந்து எறக்குங்க, சாவி தரேன். சனிக்கிழமை சாயங்காலம் நான் ஊருக்குக் கெளம்பறேன். அதுக்குள்ள வரலைன்னா, இதே எடத்தக் கேட்டுட்டிருக்கற மருந்துக் கடைக்காரருக்குக் கொடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

சாமான் என்றால் தையல் மிஷின்கள், துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மிஷின், துணி வெட்டுகிற பெரிய மேசை. மாமாவின் பிக்கப் வண்டியில் அந்த மேசை அடங்காது. அவரிடம் பின்னால் மாட்டி இழுக்கிற பழைய டிரெய்லர் ஒன்று இருந்தது. புதன்கிழமை அதில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். பாலத்து முனையில் வண்டி சோதிக்கிற அதிகாரி நிறுத்தினார். டிரெய்லரின் பின்னால் ஒரு விளக்கும் எரியவில்லை. எப்படி எரியும்? பிக்கப்பிலிருந்து அதற்கு ஒயரே கிடையாது. லைட்டைப் போட்டுவிட்டு வாங்க என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

மறுநாள் மாமா டிரெய்லருக்கான ஒயர் செட் ஒன்றை வாங்கி வந்தார்.

"வாடகை வண்டி ஒண்ணு சொல்லுங்க மாமா, வேல முடிஞ்சுது," என்றேன்.

"நம்ம வண்டி இருக்கும்போது எதுக்கும்மா இன்னொருத்தன் வண்டி?" என்றார்.

வேலையைச் சுத்தமாகத்தான் செய்தார், குறை சொல்ல முடியாது. பிக்கப்பின் பின்விளக்கு இரண்டையும் கழற்றி, விளக்குக்கும் அதன் சாக்கெட்டுக்கும் நடுவில் புது ஒயரைச் செருகினார். அதை வண்டிக்கு அடியில் கொண்டுபோய், சைலன்சர் சூடு படாமல் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டினார். டிரெய்லரோடு சேர்கிற பிளக்கைப் பம்பருக்குக் கீழே பொருத்தினார். கடைசியில் எர்த், கரண்ட் திரும்பிப் போவதற்கான வெள்ளை ஒயர். அதை வண்டியின் சட்டத்தில் ஓட்டை போட்டு ஸ்க்ரூவால் முடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதையும் முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் சாமானை ஏற்றி, டிரெய்லரை மாட்டி, விளக்கைப் போட்டுப் பார்த்தோம். மாமா வண்டிக்குள்ளே, நான் பின்னால்.

"லெஃப்ட் போடறேன், எரியுதா?"

"ரெண்டு பக்கமும் மினுக்குது மாமா. உயிர் போகப்போற மாதிரி."

"பிரேக்கு?"

"இருந்ததும் போச்சு."

இறங்கி வந்தார். பல்புகளைக் கழற்றித் துடைத்தார். பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினார். டிரெய்லர் விளக்கைத் தட்டிக்கூடப் பார்த்தார். வெயில் சாயத் தொடங்கியது. அக்காவுக்குக் கடை சொந்தக்காரரிடமிருந்து போன் வந்தது. மருந்துக் கடைக்காரர் வந்து உட்கார்ந்திருக்கிறாராம். "வந்துட்டே இருக்கோங்க," என்று கூசாமல் பொய் சொன்னாள் அக்கா.

இனி பொறுக்க முடியாது என்று நானே வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். வெள்ளை ஒயரின் நுனியைத் தேட வேண்டியிருந்தது. சட்டம், ஸ்க்ரூ, ஒயர் நுனியில் இருந்த வளையம், எல்லாம் ஒரே கறுப்பு. வழவழவென்று, ரொம்ப அழகாக.

"மாமா, இங்க பெயிண்ட் அடிச்சீங்களா?"

"ஓட்ட போட்டா இரும்பு தெரியுமில்ல, துரு பிடிச்சுடும். அதான் ஓட்டைக்குள்ள, ஸ்க்ரூவுக்கு, எல்லாத்துக்கும் அடிச்சு, நல்லா காயவெச்சு முடுக்கினேன்."

"எத்தன கோட்டு?"

அவர் மூன்று விரலைக் காட்டினார்.

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்பது வேண்டாம். இரும்பு இரும்பைத் தொட்டால்தானே கரண்ட் திரும்பிப் போகும், நடுவில் சுவர் எழுப்பி வைத்தால் எங்கே போகும் என்பதுதான் அதன் சாரம். மாமா உப்புத்தாளை எடுத்து வந்தார். எடுத்து வந்தவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சொரண்டித்தான் ஆகணுமா?"

"குடுங்க, நான் சொரண்டறேன்," என்று அக்கா கை நீட்டினாள்.

அவள் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "நீ இரு" என்று சொல்லிவிட்டு மளமளவென்று வண்டிக்கு அடியில் புகுந்தார். சொந்தப் பல்லைத் தானே பிடுங்குகிறவர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு, வெள்ளையாக இரும்பு மின்னும் வரை தேய்த்தார். வளையத்தையும் தேய்த்துப் புது ஸ்க்ரூ போட்டு முடுக்கினார்.

இடது போட்டால் இடது மட்டும். வலது போட்டால் வலது மட்டும். பிரேக்கை மிதித்ததும் இரண்டும் சிவப்பாக, பளிச்சென்று எரிந்தன. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஸ்கூட்டரில் அவர்கள் பின்னாலேயே போனேன். பாலத்தில் அதே அதிகாரி. பிரேக்கைப் போடச் சொன்னார், இடது, வலது போடச் சொன்னார். குனிந்து ஒருமுறை பார்த்தார். பிறகு போகலாம் என்று கையை அசைத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கடை சொந்தக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். முதல் மிஷின் இறங்கியதும் சாவியை அக்கா கையில் வைத்தார். மருந்துக் கடைக்காரர் நல்ல மனிதர், மேசைக்கு ஒரு கை கொடுத்துவிட்டுத்தான் போனார்.

எல்லாவற்றையும் உள்ளே போட்ட பிறகும் இடம் மிச்சமிருந்தது. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில், முழங்கை இடிக்க இடிக்க இத்தனை வருஷம் தைத்தவள் அக்கா. கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"இத எங்க வெக்கிறதுன்னே தெரியலைங்க," என்றாள்.

"எங்க வேணும்னாலும் வை," என்றார் மாமா. "எல்லாம் உன் எடந்தானே."