எக்ஸ் தரத்து ஊர்

ஒருமுறைகூடக் கால் வைக்காத ஊருக்குத் தரம் போடச் சொன்னால் போடுவீர்களா? மாட்டேன் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். மலர்விழி ஐந்து வருடமாக அதைத்தான் செய்கிறாள். அவள் பக்கம் ஒரு நியாயம் உண்டு. அவள் தரம் போடும் ஊர்கள் எங்குமே இல்லை.

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில், உரக்கடை மாடியில், ஆறு கணினிகள் உள்ள அறை. வெளியூர் நிறுவனம் ஒன்று தயாரிக்கும் விண்வெளி விளையாட்டுக்கு அட்டவணை நிரப்பும் வேலை. விளையாடுகிறவர் தன் கப்பலை எந்தக் கோளில் இறக்கலாம் என்று அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். கப்பலே கட்டித் தரும் பட்டறை இருந்தால் அந்த விண்துறைமுகம் ஏ தரம். பெரிய பழுது பார்ப்பார்கள் என்றால் பி, சின்னப் பழுது என்றால் சி. எரிபொருள் மட்டும், அதுவும் வடிகட்டாமல் கிடைக்கும் என்றால் டி. சமன்படுத்திய பாறையும் ஒரு விளக்குக் கம்பமும் இருந்தால் ஈ. அதுவும் இல்லாத இடம் எக்ஸ்.

ஒன்பதரை மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் நாற்பது துறைமுகங்கள். மூன்றாம் வருடம் கழுத்து வலி வந்தது. நாலாம் வருடம் மூக்குக்கண்ணாடி. இப்போது முப்பத்தாறு வயதில், தங்கியிருக்கும் வடக்கனந்தலுக்குத் திரும்பும் பேருந்தில் கண்ணை மூடினாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது.

அவள் பிறந்த ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால், எட்டிக்காடு. அடுத்தவர் மரவள்ளிக் காட்டில் கூலி வேலை செய்தவர்களின் மகள். விடுதியில் தங்கிப் படித்து பி.காம். வரைக்கும் வந்தவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான். அண்ணன் பச்சமுத்து இன்னும் அங்கேதான் இருக்கிறான். அவன் மகள் தேவிப்ரியா எட்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். ஊர்ப் பள்ளி எட்டோடு நின்றுவிடும். ஒன்பதாவதுக்கு வெள்ளிமலை போக வேண்டும். விடுதியில் இந்த வருடம் இடமில்லை என்றார்கள். பேருந்தே வராத ஊருக்கு ஒரு சிற்றுந்து வந்தால் பிள்ளை படிக்கும். வராவிட்டால் ஜூனில் மரவள்ளிக் காடு. அவளோடு இன்னும் நாலு பெண்கள்.

பச்சமுத்து ஊரெல்லாம் கையெழுத்து வாங்கிச் சிற்றுந்து கேட்டு மனு கொடுத்திருந்தான். ஏப்ரலில் பதில் வந்தது. ஃபோனில் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"அருகில் உள்ள பேருந்து நிறுத்தம் ஒன்று புள்ளி எட்டு கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் கோரிக்கை ஏற்கப்படவில்லைன்னு போட்டுகிதும்மா. எந்த ஊரைச் சொல்றாங்க இவனுங்க?"

"நம்ம ஊரைத்தான்ணா."

"நம்ம ஊருக்கு யாரு நவுத்திக்கினு வந்தா நிறுத்தத்த? நான் பாக்கவே இல்லியே."

மலர்விழிக்கும் புரியவில்லை. ஒன்று புள்ளி எட்டு எங்கிருந்து முளைத்தது?

விடை அந்த வாரமே வந்தது, ஒரு நிலாவிலிருந்து. பெயரில்லாத ஏதோ கோளின் மூன்றாவது நிலா. அதன் துறைமுகத்துக்கு டி போட்டு, குடியிருப்பு ஆறு கிலோமீட்டர் என்று நிரப்பியிருந்தாள். மேற்பார்வையாளன் இளஞ்செழியன் அந்தப் பதிவைத் திருப்பிவிட்டான். அவளைவிட எட்டு வயது இளையவன்.

"இன்னாக்கா இது? ஆறு கிலோமீட்டர்னு போட்டுட்ட. நடுவுல அவ்ளோ பெரிய பள்ளம் இருக்குதே, பாக்கலியா?"

"மேப்புல அளந்தேன்பா."

"மேப்புல நேரா அளந்தா கப்பலுக்கு சரி. எறங்குறவன் நடந்துல்ல போவணும்? சுத்திக்கினு போனா முப்பது வருது. அப்புறம் ஆதாரம் காலியா விட்டுக்கிற. நேரில் பார்த்ததா, கேள்விப்பட்டதா, கணக்கிட்டதா? கணக்கிட்டதுன்னா பக்கத்துல கேள்விக்குறி போடுக்கா. இத நம்பி எறங்கி ஒருத்தன் செத்தா வெளையாடுறவன் நம்மளத்தான் திட்டுவான்."

இல்லாத நிலாவில், இல்லாத பள்ளத்தில், இல்லாத ஒருவன் செத்துவிடக் கூடாதாம். அதற்காக ஒரு பதிவு திரும்பி வருகிறது. இருக்கிற ஊரில், ஊருக்கும் சாலைக்கும் நடுவே இருக்கிற ஓடைப் பள்ளத்துக்குக் குறுக்கே எவரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து கோடு இழுத்திருக்கிறார். அதைத் திருப்பி அனுப்ப ஓர் இளஞ்செழியன்கூட இல்லை. தலைவிதி என்று சொல்வார்கள். விதியாவது மண்ணாவது. அளந்தவர் எழுந்து போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை விடுப்பு போட்டுவிட்டு மலையேறினாள். பிரதான சாலை நிறுத்தத்தில் பச்சமுத்து காத்திருந்தான். அங்கிருந்து ஊருக்கு இருப்பது ஜீப் தடம் ஒன்றுதான். சந்தை நாளில் மட்டும் ஜீப் வரும், மற்ற நாளில் நடைதான். பள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மலையையே சுற்றி வரும் தடம். ஃபோனில் தூரம் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியிலேயே ஐந்து வருடம் கழித்த கால்கள் மூன்றாவது கிலோமீட்டரில் மக்கர் செய்தன. ஏழு புள்ளி நாலில் ஊர் வந்தது. இரண்டு மணி இருபது நிமிடம்.

ஊர்ப் பள்ளிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பழகின கை பழகின படிவத்தையே ஒரு தாளில் எழுதியது. ஊர், எட்டிக்காடு. தரம், எக்ஸ். தூரம், 7.4. இடையூறு, பள்ளம். ஆதாரம், நேரில் பார்த்தது.

எட்டிப் பார்த்த பச்சமுத்து கேட்டான். "எக்ஸுன்னா கடேசியாம்மா? நெலாவுல இருக்கிற ஊருக்கெல்லாம் டி குடுக்கறேன்னு சொன்ன. நம்ம ஊரு அதுக்கும் கம்மியா?"

"அங்க ஆளே இல்லண்ணா. அதான் எல்லா வசதியும் இருக்குது."

திங்கட்கிழமை அந்தத் தாளோடும் வழியில் எடுத்த படங்களோடும், மனுவுக்குப் பதில் அனுப்பிய அரசு அலுவலகத்தில் நின்றாள். எழுத்தர் கெட்டவர் அல்ல, அலுத்துப்போனவர். திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"நீயே பாரும்மா. ரெண்டு கிலோமீட்டர்கூட இல்ல."

"பறக்குற காக்காவுக்கு சரிங்க சார். யாருங்க நடந்து பாத்தது?"

"சாட்டிலைட் பாத்துச்சும்மா."

"சாட்டிலைட் நடக்குமாங்க?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். எழுத்தரும் சிரித்துவிட்டார். தாளை வாங்கி முத்திரை குத்தினார்.

"எழுதி அனுப்புறேன். ஆனா எப்பன்னு என்னைக் கேக்காத."

ஜூன் இரண்டாம் வாரம் பதில் வந்தது. தூரம் 7.4 கி.மீ. எனத் திருத்தப்பட்டது. சிற்றுந்துக் கோரிக்கை அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும்.

எண்ணைத் திருத்தினார்கள், தடத்தில் சிற்றுந்தின் சக்கரம் உருளவில்லை. மலர்விழி அதை இரண்டு தடவை படித்தாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை. மறுநாள் பச்சமுத்து மகளை ஒரு பையோடு கொண்டுவந்து வடக்கனந்தலில் அவளுடைய ஒற்றை அறையில் விட்டுவிட்டுப் போனான். தேவிப்ரியா இப்போது அங்கிருந்து ஒன்பதாவது போகிறாள். ஓர் அறையில் ஒரு பிள்ளைக்குத்தான் இடம். மற்ற நாலு பேரும் மரவள்ளிக் காட்டில் இருக்கிறார்கள்.

மலர்விழி நாளைக்கும் நாற்பது துறைமுகங்களுக்குத் தரம் போடுவாள். ஒவ்வொன்றிலும் ஆதாரம் எழுதுவாள்.

உங்கள் ஊருக்கும் எங்கோ ஓர் அட்டவணை இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். பள்ளி இத்தனை, ஆஸ்பத்திரி இத்தனை, நிறுத்தம் இத்தனை கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள். ஒரு நாள் ஒதுக்கி அந்தத் தூரத்தை உங்கள் காலால் நடந்து பாருங்கள். தப்பாக இருந்தால் ஒரு தாளில் எழுதி, கீழே "நேரில் பார்த்தது" என்று போட்டு, முத்திரை விழுகிறவரை அங்கேயே நில்லுங்கள். அடுத்த ஜூனுக்கு முன்னால் செய்யுங்கள்.