அவிழ்க்காத கட்டு

சுதந்திரம் வந்த புதிது. ராயபுரத்துப் பந்தாட்டத்தில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. எவன் மோதி எவன் விழுந்தானோ, மோதியவன்தான் விழுந்தவனை வைத்தியரிடம் கூட்டிப் போக வேண்டும். கட்டு அவிழ்க்கும்வரை அது அவன் பொறுப்பு. என் முழங்கால் பிசகியது காலடிப்பேட்டை அணிக்காரன் ஒருவன் மோதியதில். அதுவரை அவனைக் கண்டாலே எனக்கு ஆகாது.

ஞாயிறுதோறும் காலையில் சைக்கிளோடு வந்து நிற்பான். என்னைக் கேரியரில் உட்காரவைத்துத் தண்டையார்பேட்டை வைத்தியர் வீட்டுக்கு மிதிப்பான். “உன்னைத் தூக்கிகினு போறதுக்கு ரெண்டு மூட்டை சிமிட்டி தூக்கலாம் மாமு” என்று வழியெல்லாம் புலம்பல் வேறு. முட்டையும் அவனே வாங்கி வருவான். வைத்தியர் வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துத் துணியில் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார். திரும்பும் வழியில் டீக்கடையில் உட்கார்ந்தால் உச்சிவெயில்தான் எங்களைக் கிளப்பும். கூடப்பிறந்தவர்கள் இல்லாத எனக்கு, திங்கட்கிழமையே அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்றிருந்தது.

நான்காம் ஞாயிறு வைத்தியர் கட்டைப் பிரித்து முட்டியை அழுத்தினார்.

“இன்னா நைனா, வலி கீதா? இல்லேன்னா இன்னியோட அவுத்துடலாம்.”

வலி துளியும் இல்லை. “கீது” என்றேன். அவன் முகம் சுருங்கியது. எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். அடுத்த வாரமும் அதே பொய், அதற்கடுத்த வாரமும். பாவம், வைத்தியர் என் வாயை நம்பினார்.

பத்தாம் வாரம் வைத்தியரே போதும் என்று அவிழ்த்தபோது முட்டி பாதிக்குமேல் மடங்கவில்லை. ஒத்தடம், சுடுஎண்ணெய், நீவல் எல்லாம் செய்து பார்த்தார். நடை வந்தது, ஓட்டம் வரவில்லை. வீண் கட்டில் அசையாமல் கிடந்தே மூட்டு இறுகிவிட்டது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அவன் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். “உன் ஆட்டத்தையே கெடுத்துட்டேனே மாமு. சத்தியமா இனிமே பந்தைத் தொடமாட்டேன்.”

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் கோபித்துக்கொண்டு போய்விடுவானே என்று பயந்தேன். நான் சொல்லாதபோதும் போய்விட்டான். நான் காலைத் தாங்கித் தாங்கி நடப்பதை அவனால் பார்க்க முடியவில்லை. ஒரு ஞாயிறு வரவில்லை, பிறகு வரவேயில்லை. கப்பல் வேலைக்குப் போய்விட்டதாக அவன் தெருவில் சொன்னார்கள். அதற்கு முன்பே ஆட்டத்தை விட்டுவிட்டானாம்.

அவனை ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு இன்றும் அடங்கவில்லை. எங்கே இருக்கிறானோ. எங்கிருந்தாலும், என் காலைக் கெடுத்தவன் தான்தான் என்று நம்பிக்கொண்டிருப்பான்.